மண்டகப்படிச் சாலை: மதுரைச் சமவெளியில் 'சாலைப்படம்'

'சாலைப்படம்' என்று ஒரு வகைமை உலக சினிமாவில் உண்டு. இரண்டு மூன்று இளைஞர்கள், ஒரு வண்டி, முன்னால் நீண்டு கிடக்கும் ரோடு. வீடு, வேலை, கல்யாணம் எல்லாவற்றையும் பின்னால் விட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். வழியில் அந்நியர்களைச் சந்திக்கிறார்கள். காதலோ சண்டையோ மரணமோ நேர்கிறது. கிளம்பியபோது இருந்த ஆளாக யாரும் போய்ச் சேருவதில்லை. இளமை, விடுதலை, தன்னையறிதல் என்ற மூன்றும் இந்த வகைமையோடு கூடப்பிறந்தவை மாதிரியே விமர்சகர்கள் எழுதி வருகிறார்கள். மதுரையையும் அதைச் சுற்றிய சமவெளியையும் களமாகக் கொண்ட மூன்று படங்களை, பாலாஜி சக்திவேலின் 'காதல்' (2004), பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' (2021), அவரே எடுத்த 'கொட்டுக்காளி' (2024) ஆகியவற்றை, இந்த வகைமைக்குள் வைத்துப் படித்தால் என்ன ஆகும் என்று பார்க்கலாம் என்றிருக்கிறேன். 'இதெல்லாம் சாலைப்படமா?' என்று நண்பர்கள் கேட்பார்கள். மூன்றிலும் ஆட்கள் கிளம்புகிறார்கள், ரோட்டில் போகிறார்கள், ரோட்டில்தான் எல்லாம் நடக்கிறது. அப்புறம் என்ன குறை? ஒன்று குறைகிறது. அது என்ன என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

வகைமையின் மூலப்பிரதி என்று சொல்லப்படுவது டென்னிஸ் ஹாப்பரின் 'ஈஸி ரைடர்' (1969). இரண்டு பேர் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்கு மோட்டார் சைக்கிளில் போகிறார்கள். பயணச் செலவுக்கான காசு போதைப்பொருள் விற்றுக் கிடைத்தது. அதைப் பெட்ரோல் டாங்கிற்குள்தான் ஒளித்துவைத்திருக்கிறார்கள். (சுவரில் இந்தப் படத்தின் போஸ்டரை ஒட்டிக்கொண்ட தலைமுறை மோட்டார் சைக்கிளை ஞாபகம் வைத்துக்கொண்டது, டாங்கிற்குள் இருந்த காசை மறந்துபோனது.) ஊர்க்காரர்களுக்கு அவர்களுடைய நீள முடியைக் கண்டாலே எரிச்சல். வழியில் சேர்ந்துகொண்ட வக்கீல் தூக்கத்தில் அடித்துக் கொல்லப்படுகிறான். கடைசியில் இவர்கள் இருவரும் நடுரோட்டில் சுடப்படுகிறார்கள், லாரியில் போகிற முன்பின் தெரியாத ஆட்களால். 'முன்பின் தெரியாத' என்பதை அடிக்கோடிட வேண்டும். அந்தச் சாலையில் சாவுகூட அநாமதேயமானது. சுட்டவனுக்கு இவன் யார் மகன் என்று தெரியாது; தெரிந்துகொள்ள வேண்டிய சோலியும் அவனுக்கு இல்லை.

சாலைப்படம் தருகிற விடுதலையின் ரகசியம் இந்த அநாமதேயம்தான். வேகம் அல்ல, காற்று அல்ல, நிலக்காட்சி அல்ல. அங்கே நீ யார் என்பதை நீயே சொல்லிக்கொள்ளலாம், பொய்யும் சொல்லலாம். உன் பெயருக்குப் பின்னால் இருக்கிற வீடு, தெரு, ரத்தம் எதுவும் கூட வருவதில்லை. 'சுயம்' என்ற ஒன்றைப் புதிதாகக் கண்டுபிடிக்க முடிகிறதென்றால், பழைய சுயத்தைச் சாட்சி சொல்ல ஆள் இல்லாததால்தான் முடிகிறது. இந்த நிபந்தனை யாருக்கெல்லாம் வாய்க்கும் என்ற கேள்வியை இந்த வகைமையின் நல்ல படங்கள் தாமே கேட்டிருக்கின்றன. ஆக்னஸ் வார்தா 1985இல் எடுத்த படத்தில் தனியாக ஊர் சுற்றும் மோனா என்ற பெண், படம் தொடங்கும்போதே பள்ளத்தில் விறைத்துச் செத்துக் கிடக்கிறாள். அப்புறம்தான் அவள் கதை. அல்ஃபோன்ஸோ குவாரோன் மெக்சிகோவில் எடுத்த படத்தில் (2001) இரண்டு பையன்களும் ஒரு பெண்ணும் கடற்கரை தேடிக் காரில் போகும்போது, ஒரு பின்னணிக் குரல் குறுக்கிட்டு, அவர்கள் கவனிக்காமல் கடந்துபோன விபத்துகளையும் உழைப்பாளிகளின் கதைகளையும் சொல்லிக்கொண்டே வருகிறது. வால்டர் சாலஸின் 'மோட்டார் சைக்கிள் டைரிகள்' (2004) இன்னும் ஒரு படி மேலே. 1952இல் எர்னஸ்டோ குவேராவும் நண்பர் ஆல்பர்டோ கிரனாடோவும் கிளம்பிய பயணம் அது. ஆனால் சிலியில் அந்த மோட்டார் சைக்கிள் செத்துப்போன பிறகுதான் எர்னஸ்டோவின் கண் திறக்கிறது. சுரங்க வேலை தேடி நடந்துபோகும் கம்யூனிஸ்ட் தம்பதியை அவன் சந்திப்பது கால்நடையாகப் போகும்போதுதான். வண்டி போனால்தான் சாலை தெரியும் போலிருக்கிறது.

தமிழுக்கு வருவோம். நம்மிடம் சாலைப்படங்கள் இல்லாமல் இல்லை. 'அன்பே சிவம்' (2003) புவனேஸ்வரத்தில் புறப்படுகிறது. 'பையா' (2010) பெங்களூரிலிருந்து மும்பைக்குப் போகிறது. இந்திக்காரர்கள் இன்னும் தூரம்: மூன்று நண்பர்கள் தம்மைக் கண்டடைய ஸ்பெயின் வரைக்கும் போக வேண்டியிருந்தது ('ஜிந்தகி நா மிலேகி தொபாரா', 2011). விதிவிலக்காக மிஷ்கினின் 'நந்தலாலா' (2010) தமிழ்நாட்டுக்குள்ளேயே நடக்கிறது. ஆனால் அதில் பயணம் போகிறவர்கள் ஒரு சின்னப் பையனும் மனநலக் காப்பகத்திலிருந்து தப்பிய ஒருவனும், அதாவது யாருடைய கணக்கிலும் வராத இருவர். தமிழ் சினிமாவில் வயசுப் பையனும் வயசுப் பெண்ணும் சேர்ந்து ரோட்டில் சுதந்திரமாகப் போக வேண்டுமென்றால் அந்த ரோடு மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தாக வேண்டும். இதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

ஏன் என்பதற்கு எங்களூர் டீக்கடையில் பத்து நிமிஷம் நின்றால் போதும். மேலூர்ப் பக்கமோ உசிலம்பட்டிப் பக்கமோ, புதிதாக ஒருவன் வந்து நின்றால் முதல் கேள்வி 'எந்தூருப்பா?' அடுத்தது 'அங்க யாரு வீடு?' அப்புறம் 'நீங்க எந்தப் பக்கம்?' இதில் பக்கம் என்பது திசை அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். மூன்று கேள்வியில் சாதி வந்துவிடும். நாலாவது கேள்வியில் மாமன் மச்சான் முறை வந்துவிடும், அல்லது வராது. விசாரிப்பில் கபடம் ஒன்றும் இல்லை, அன்பாகத்தான் கேட்பார்கள், டீயும் வாங்கித் தருவார்கள். அன்பும் வேவும் ஒரே வாக்கியத்தில் இருக்கிற மொழி இது. இந்த மொழி பேசப்படுகிற நிலத்தில் அநாமதேயன் என்று ஒருவன் சாத்தியமில்லை.

நமக்கென்று ஒரு சாலைக்கதை வேண்டுமானால் அது சித்திரை மாசத்தில் வருஷாவருஷம் நடக்கிறது. அழகர் மலையை விட்டுக் கள்ளர் கோலத்தில் கிளம்புகிறார், மதுரைக்கு வருகிறார், ஆற்றில் இறங்குகிறார், தங்கை கல்யாணத்துக்குப் பிந்திவிட்டதால் ஊருக்குள் போகாமல் வண்டியூர்ப் பக்கம் போய்விடுகிறார் என்பது ஜனங்கள் சொல்லும் கதை. தொ. பரமசிவன் தமது 'அழகர் கோயில்' ஆய்வில் (1989) இந்தத் திருவிழாவைச் சமூகங்களுக்கு இடையிலான உறவுகளின் வரைபடமாகப் படித்துக் காட்டினார். எனக்கு இங்கே வேண்டியது மண்டகப்படி. அழகர் வரும் வழி நெடுக நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள். ஒவ்வொன்றுக்கும் உரிமைக்காரர் உண்டு: ஒரு குடும்பம், ஒரு சாதி, ஒரு சங்கம், ஒரு ஊர். சாமியே ஆனாலும் நின்றுதான் போக வேண்டும், உரிமைக்காரரின் மரியாதையை ஏற்றுக்கொண்டுதான் நகர வேண்டும். மதுரைச் சமவெளியின் சாலை வெற்றிடமல்ல; அது மண்டகப்படிகளின் வரிசை. ஒவ்வொரு கல்தொலைவும் யாருக்கோ பாத்தியப்பட்டது. சாமிக்கு இது திருவிழா. காதலித்துக் கிளம்பிய ஒரு ஜோடிக்கு இதே சாலை என்னவாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த உரிமைகளுக்கு மேல் அரசும் தன் மண்டகப்படியைக் கட்டியிருக்கிறது. பிரிட்டிஷ்காரன் 1914 முதல் பிரமலைக் கள்ளர்கள்மீது குற்றப்பரம்பரைச் சட்டத்தை ஏவினான். கைரேகை வைக்க வேண்டும். வயது வந்த ஆண்கள் ராத்திரியில் காவல்நிலையத்திலோ குறித்த இடத்திலோ போய்ப் படுத்தாக வேண்டும். ஊரைவிட்டுப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3இல் துப்பாக்கிச்சூடு நடந்து 16 பேர் செத்தார்கள், அதில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருத்தி. சட்டம் நீங்கியது 1947இல். சொந்த மண்ணில் ராத்திரி நடமாடுவதற்காகச் சண்டை போட்ட நிலம் இது. அதே நிலத்தில் அந்த ராத்திரிச் சீட்டு பிறகு வேறு கைக்கு மாறியிருக்கிறது: ஆணுக்கு அரசு எழுதியதைப் பெண்ணுக்குக் குடும்பம் எழுதுகிறது. எந்த ஒரு சாதியையும் மட்டும் சுட்டி இதைச் சொல்லவில்லை. கூடக்குறைய எல்லா வீட்டுப் பரணிலும் அந்தச் சீட்டுக் கட்டு இருக்கிறது.

பஸ்ஸும் தப்பவில்லை. மதுரையில் அரசு பஸ்களுக்குப் பாண்டியன் என்று பெயர். மற்ற ஊர்களில் மற்ற மன்னர்கள், தலைவர்கள். 1997இல் விருதுநகரில் புதிய கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததும், தலித் ஒருவரின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் கிளம்பினார்கள், தென்மாவட்டங்கள் எரிந்தன. கடைசியில் அரசு அந்த வருஷம் ஜூலையில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் இருந்த தலைவர் பெயர்களை மொத்தமாக அழித்துவிட்டது. ஒரு பெயரை ஏற்க முடியாததால் எல்லாப் பெயரும் போயிற்று. அநாமதேயம் என்று நமக்கு வாய்த்தது அது ஒன்றுதான், பஸ்ஸின் நெற்றியில் மட்டும்.

இப்போது 'காதல்' படத்தை எடுத்துக்கொள்ளலாம். மதுரையில் பள்ளிக்கூடம் போகிற வசதியான வீட்டுப் பெண்; டூவீலர் மெக்கானிக் பையன். இருவரும் பஸ் ஏறிச் சென்னைக்கு ஓடுகிறார்கள். அந்தப் பயணம் தமிழ் சினிமாவின் மிகச் சுத்தமான சாலைப்படப் பகுதிகளில் ஒன்று: ராத்திரி, ஜன்னல், யாருக்கும் யாரையும் தெரியாத பஸ். சென்னையில் மேன்ஷன் அறையும் நண்பனும் கல்யாணமும். மாநகரம் கொஞ்ச நேரத்துக்கு அவர்களை அநாமதேயர்களாக வைத்துக் காப்பாற்றுகிறது. பிறகு பெண்ணின் சொந்தக்காரர் வந்து இனிக்க இனிக்கப் பேசி வண்டியில் ஏற்றுகிறார். பலரும் அந்தப் படத்தின் உச்சமாகக் கடைசிக் காட்சியை, பைத்தியமாய்த் திரியும் முருகனை அவள் திண்டுக்கல்லில் பார்ப்பதைச் சொல்வார்கள். என்னைக் கேட்டால் அந்தத் திரும்பும் பயணம்தான் உச்சம். போகும்போது டிக்கெட் வாங்கிய பயணிகள். வரும்போது சொந்தக்காரர் வண்டியில் உட்காரவைக்கப்பட்ட பிள்ளைகள். அதே சாலைதான். திசை மாறியதும் அது வீட்டின் நடைவழியாகிவிட்டது. மதுரைச் சமவெளியின் சாலைப்படத்துக்கு இலக்கணம் இங்கே இருக்கிறது: அதில் போகிற பாதை முன்கதை மட்டுமே, திரும்புகிற பாதைதான் கதை.

இது சினிமாக்காரர் கட்டியது என்று ஒதுக்க முடியாது. 2014இல் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி தலித் இளைஞரைக் கல்யாணம் செய்துகொண்டு கேரளத்துக்குப் போனாள். அங்கிருந்து திருப்பிக் கொண்டுவரப்பட்டாள். அந்த வருஷம் முடிவதற்குள் இறந்தாள், உடலும் எரிக்கப்பட்டது. அந்த வழக்கில்தான் சென்னை உயர்நீதிமன்றம் 2016 ஏப்ரலில், சாதி மறுப்பு மணம் செய்தவர்களைப் பாதுகாக்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவும் இருபத்துநாலு மணிநேரத் தொலைபேசி உதவியும் வேண்டும் என்று உத்தரவிட்டது. மாநில எல்லை தாண்டினால் சாலை வேறு சாலையாகிவிடும் என்று சினிமா நம்புகிறது. நிஜத்தில் அதுவும் உத்தரவாதமில்லை.

'கூழாங்கல்' இதற்கு நேர்மாறான இடத்திலிருந்து தொடங்குகிறது. அதில் விடுதலையைத் தேடி யாரும் கிளம்பவில்லை. குடிகாரத் தகப்பன் கணபதி, பள்ளிக்கூடத்திலிருந்து மகன் வேலுவை இழுத்துக்கொண்டு, கோபித்துப் போன பெண்டாட்டியை மீட்டுவரப் பஸ் ஏறுகிறான். அவளோ அதற்குள் திரும்பிப் போய்விட்டாள். மாமியார் வீட்டில் அடிதடி. போய் அவளைக் கொன்றுவிடுவேன் என்று கிளம்புகிறவனுக்கு பஸ்ஸுக்கு இருந்த காசைப் பையன் கிழித்துப் போட்டுவிடுகிறான். அப்புறம் அரிட்டாபட்டிப் பாறைக்காட்டில், கொதிக்கிற வெயிலில், பதிமூன்று கிலோமீட்டர் நடை. தம் சகோதரி புகுந்த வீட்டிலிருந்து விரட்டப்பட்டுக் கைக்குழந்தையோடு நடந்துவந்த நடையிலிருந்து பிறந்த கதை இது என்று இயக்குநர் சொல்லியிருக்கிறார். அந்த நடையைப் படம் எடுத்து ஆணின் காலில் கட்டிவிட்டிருக்கிறது.

வண்டி போனால்தான் சாலை தெரியும் என்று மேலே சொன்னேன். இங்கே வண்டியைப் போக்கியது விபத்து அல்ல, ஒரு சிறுவனின் தீர்மானம். அம்மாவைக் காப்பாற்ற அவனிடம் இருந்த ஒரே ஆயுதம் நேரம். ரூபாய் நோட்டைக் கிழித்து அவன் சில மணி நேரத்தை வாங்குகிறான். தகப்பனுக்குப் பின்னால் கண்ணாடிச் சில்லை வைத்து வெயிலை அவன் முதுகில் பாய்ச்சிக்கொண்டே நடக்கிறான். விடுதலை என்ற பெரிய சொல்லை இவ்வளவு சின்ன ஒரு காரியத்தில் வைத்துக் காட்டிய வேறு படத்தை நான் பார்க்கவில்லை.

அப்புறம் அந்தக் கூழாங்கல். தாகத்துக்கு வாயில் அடக்கிக்கொண்டு வந்த கல்லை வீட்டில் ஒரு இடத்தில் போடுகிறான். அங்கே ஏற்கனவே ஒரு குவியல் இருக்கிறது. எத்தனை கல்லோ அத்தனை நடை. சாலைப்பட வகைமையின் அடித்தளத்தையே இந்தக் குவியல் தகர்த்துவிடுகிறது. அந்த வகைமையில் பயணம் என்பது வாழ்க்கையில் ஒருமுறை வருவது. அதனால்தான் அது ஒருவனை மாற்றுகிறது. இங்கே அது மாசம் பிறந்தால் வருவது. தன்னையறிதல் அல்ல, கணக்கு வைத்தல். ராட்டர்டாமில் 2021இல் புலி விருது பெற்றபோது கவித்துவம், நிலக்காட்சி என்றெல்லாம் எழுதினார்கள். எழுதட்டும். கடைசியில் ஊற்றுக்குழியில் சிரட்டை சிரட்டையாய்த் தண்ணீர் மொண்டு குடம் நிறையக் காத்திருக்கும் பெண்களைப் பார்த்தால், நடந்தவர்கள் யார், நடந்துகொண்டே இருப்பவர்கள் யார் என்பது விளங்கும்.

'கொட்டுக்காளி'யில் மறுபடி வண்டி வருகிறது. பிடிவாதக்காரி என்று பொருள். மீனா படித்த பெண். ஒடுக்கப்பட்ட சாதிப் பையனைக் காதலிக்கிறாள். அவளுக்கு யாரோ வசியம் வைத்துவிட்டதாக முடிவுகட்டி, அவளைக் கட்டிக்கொள்ளக் காத்திருக்கும் மாமன் பாண்டியும் குடும்பமும் சாமியாடியிடம் கூட்டிப் போகிறார்கள். பெண்களும் மீனாவும் ஷேர் ஆட்டோவில். ஆண்கள் முன்னும் பின்னும் பைக்கில். பலிக்கான சேவல் காலைக் கட்டிக் கூடவே. 'ஈஸி ரைடர்' காலத்திலிருந்து விடுதலையின் சின்னமாக இருந்த மோட்டார் சைக்கிள் இங்கே காவல் வண்டி. இந்த ஒரு தலைகீழாக்கத்துக்காகவே இந்தப் படத்தைச் சாலைப்படம் என்று அழைக்க வேண்டும். வகைமையின் உறுப்புகள் ஒன்று விடாமல் இருக்கின்றன: வண்டி, சாலை, வழியில் நிற்கும் இடங்கள், எதிர்ப்படும் அந்நியர்கள், இளமை. அத்தனையும் இளமைக்கு எதிராக வேலை செய்கின்றன. குலசாமி, உறவு, சடங்கு என்று ஆட்டோ நிற்கிற இடமெல்லாம் மண்டகப்படி.

மீனா பேசுவதில்லை. இதை அவளுடைய இயலாமை என்று எழுதினவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'எந்தூருப்பா' என்று தொடங்கும் அந்த விசாரணை மொழி முழுவதையும் அவள் மறுக்கிறாள். பதில் சொன்னால் உறவுக்குள் வந்துவிடுவாள்: ஆத்தா, அக்கா, மதினி என்று யாராவது ஒருத்தி பிடித்துக்கொள்வாள். அநாமதேயம் சாத்தியமில்லாத நிலத்தில், எல்லாருக்கும் தன்னைத் தெரிந்த ஒரு ஆட்டோவுக்குள், அவள் மௌனத்தால் தன்னை அந்நியளாக்கிக்கொள்கிறாள். பேச்சுமூச்சில்லாத அவளுக்கு எதிரே, தொண்டை கட்டிச் சுண்ணாம்பு தடவிக்கொண்டு கரகரத்த குரலில் கத்துகிற பாண்டி. ஒலிபெருக்கியில் கேட்ட பாட்டுக்கு அவள் உதடு லேசாக அசைந்ததற்கே அவன் வெறிபிடித்து அடிக்கிறான், தடுக்க வந்த பெண்களையும் சேர்த்து. அந்த முணுமுணுப்பு அவனுக்குத் தெரியாத ஒரு பயணத்தை அவள் உள்ளே போய்க்கொண்டிருக்கிறாள் என்று காட்டிக்கொடுத்துவிட்டது.

நடுவழியில் ஒரு காளை ரோட்டை மறித்து நிற்கிறது. மீசை வைத்த அத்தனை ஆண்களும் ஹாரன் அடிக்கிறார்கள், பக்கத்தில் போகப் பயம். ஒரு சிறுமி வந்து சும்மா பிடித்துக்கொண்டு போகிறாள். தியேட்டரில் சிரிப்பு வந்தது. சிரித்த ஆண்களில் பாதிப் பேர் பைக்கில் வந்தவர்கள். கடைசியில், சாமியாடி வேறொரு பெண்ணின் உடம்பில் என்ன செய்கிறான் என்பதைப் பாண்டி பார்க்கிறான். அடுத்தது மீனாவின் முறை. அங்கே படம் நின்றுவிடுகிறது. தன்னையறிதல் என்று ஒன்று இந்தப் பயணத்தில் யாருக்காவது நேர்ந்தால் அது பாண்டிக்குத்தான் நேர வேண்டும், அதையும் படம் உறுதி சொல்லவில்லை. பயணத்தில் அம்பலமாவது பயணியின் சுயமல்ல. அவளை அனுப்பிவைத்த வீட்டின் சுயம்.

ஆனாலும் ஒரு சங்கடம். மீனாவின் காதலன் இந்தச் சாலையில் எங்கேயும் இல்லை. அவனைப் பற்றிப் பேச்சு இருக்கிறது, அவன் இல்லை. ஆதிக்கச் சாதிக் குடும்பத்தின் உள்ளறையை இவ்வளவு துல்லியமாகத் திறந்துகாட்ட அந்த இல்லாமை தேவைப்பட்டது என்று வாதாடலாம், நானும் வாதாடியிருக்கிறேன். ஆனால் அவனுடைய சாலைப்படத்தை யார் எடுப்பது? அவன் பஸ் ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தப் பக்கத்தில் ஒரு தேதி இருக்கிறது: 1997 ஜூன் 30. மேலவளவு ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் கூட இருந்தவர்களும் மதுரையில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பஸ்ஸை மறித்து வெட்டப்பட்டார்கள். அவர்கள் ஓடிப்போனவர்கள் அல்ல. வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள். 'ஈஸி ரைடர்' முடிவோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்: இங்கே வெட்டியவர்களுக்கு வெட்டப்பட்டவர்கள் யார், எந்தத் தெரு, யாரு மகன் என்பது நன்றாகத் தெரியும். தெரிந்ததுதான் காரணம்.

மேலூர்ப் பக்கம் நண்பர்கள் ஏற்பாடு செய்த திரையிடலில் 'கொட்டுக்காளி' முடிந்ததும் வழக்கம்போல விவாதம். 'ஒண்ணுமே நடக்கலையே தோழர்' என்றார் ஒருவர். இன்னொருவர் எதார்த்தவாதம் பற்றி நீளமாகப் பேசினார். பின்வரிசையிலிருந்து கல்லூரி மாணவி ஒருத்தி எழுந்து, 'சார், அந்த ஆட்டோ திரும்பி வர்றப்ப அந்தக்கா எங்கிட்டு உக்காந்து வருவாங்க? போறப்ப உக்காந்த இடத்துலயேவா?' என்று கேட்டாள். கூட்டத்தில் யாரும் சட்டென்று பேசவில்லை. பிறகு ஒருவர் தொடங்க, பாண்டி மாறியிருப்பானா மாட்டானா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து ஒன்பது மணிவரை பேசினோம். அவளிடமே அதைத் திருப்பிக் கேட்கலாம் என்று பார்த்தபோது பின்வரிசை காலியாக இருந்தது. அவள் ஊருக்குக் கடைசி டவுன் பஸ் எட்டேகாலுக்கு.